ஊரில் வயர்மேன், ஆஸ்திரேலியாவில் எலெக்ட்ரீஷியன்: லைசன்ஸ் எடுக்கும் வழி, படிப்படியாக

மலேசியாவில் சுங்கை சிப்புட், தாப்பா, பாகான் செராய் மாதிரி தோட்டப்புற ஊர்களில் இருந்து ஆஸ்திரேலியா போக நினைக்கும் வயர்மேன் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பாதையில் போய் லைசன்ஸ் எடுத்தவன் நான். எனக்குப் பின்னால் வந்த பல பேர் எங்கெங்கே மாட்டிக்கொண்டார்கள் என்பதையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் கைவேலை தெரியாமல் இல்லை. ஊரிலேயே முடித்துவிட்டு வர வேண்டிய வேலையை அங்கே இறங்கிய பிறகு செய்யப் பார்த்ததுதான் சிக்கல். அதனால் வரிசையைக் கவனித்துப் படியுங்கள்.

1. விசா, திறன் மதிப்பீடு, லைசன்ஸ்: மூன்றும் வேறு வேறு

விசா உங்களை நாட்டுக்குள் விடும், வேலை செய்யவும் அனுமதிக்கும். திறன் மதிப்பீடு என்பது உங்களுக்குத் தொழில் தெரியும் என்று ஒரு நிறுவனம் தரும் சான்று, பெரும்பாலும் விசாவுக்காகக் கேட்கப்படுவது. லைசன்ஸ் கொடுப்பது மாநில அரசு. கையில் லைசன்ஸ் இல்லாமல் ஒரு பிளக் பாயிண்ட்டைக் கூட கழற்றி மாட்ட அங்கே சட்டம் விடாது.

மதிப்பீடு பாஸ் ஆனதும் லைசன்ஸே வந்துவிட்டதாக நினைத்து வேலையை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அந்தச் சான்றின் பெயர் ஆஃப்ஷோர் டெக்னிக்கல் ஸ்கில்ஸ் ரெக்கார்டு, சுருக்கமாக ஓடிஎஸ்ஆர். அதை வைத்துத் தற்காலிக லைசன்ஸுக்குத்தான் மனுப் போட முடியும். முழு லைசன்ஸ் அங்கே போய், மேற்பார்வையில் வேலை செய்து, பயிற்சி முடித்த பிறகுதான் வரும்.

இன்னொன்று. மலேசியக் கடப்பிதழ் இருந்தால் இடிஏ என்ற சுற்றுலா அனுமதி சுலபமாகக் கிடைக்கும், அதில் வேலை செய்ய முடியாது. ‘முதலில் இதில் போய் இறங்கு, மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று எந்த ஏஜெண்டு சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். அப்படிப் போனவர்கள் பழத்தோட்டத்தில் கூலிக்கு நின்றதுதான் மிச்சம், விசா மீறல் என்று பதிவானால் பிறகு நேர்வழியில் மனுப் போடும்போதும் அது முன்னால் வந்து நிற்கும்.

2. எந்த மாநிலம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ஆஸ்திரேலியாவில் மின்தொழில் லைசன்ஸ் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விக்டோரியாவில் எனர்ஜி சேஃப் விக்டோரியா கொடுக்கிறது, அங்கே முழு லைசன்ஸை ஏ-கிரேட் என்பார்கள். குயின்ஸ்லாந்தில் பயிற்சிக் காலத்துக்கு எலெக்ட்ரிக்கல் ஒர்க் டிரெய்னிங் பெர்மிட் என்ற தனி அனுமதி வேண்டும். மனுப் பாரமும் (படிவமும்) வேறு, பயிற்சி நடத்துகிற இடங்களும் வேறு.

பெர்த்தில் சொந்தக்காரர் இருக்கிறார் என்று அங்கே போய் இறங்கி, வேலை மெல்பர்னில் கிடைத்து, மனுவை மறுபடி முதலில் இருந்து தொடங்கியவர்கள் உண்டு. வேலை எங்கே கிடைக்கும் என்று முதலில் தேடுங்கள், அந்த மாநிலத்தின் விதிகளை மட்டும் படியுங்கள். எல்லா மாநிலத்தையும் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஜொகூர் பக்கம் இருப்பவர்கள் சிங்கப்பூரா ஆஸ்திரேலியாவா என்று கேட்பதுண்டு. சிங்கப்பூரில் எரிசக்தி ஆணையமான இஎம்ஏ கொடுக்கும் லைசன்ஸில் எலெக்ட்ரீஷியன் என்ற முதல் நிலைக்கு 45 கேவிஏ வரை, 1000 வோல்ட்டுக்கு மேல் போகாத இணைப்புகள்தான் எல்லை. அது தனிப் பாதை, இங்கே அதற்குள் போகவில்லை.

3. ஊர் லைசன்ஸ் இல்லாமல் கிளம்பாதீர்கள்

சுருஹாஞ்சாயா தெனாகா (மலேசிய எரிசக்தி ஆணையம்) தரும் வயர்மேன் சான்றிதழோ சார்ஜ்மேன் சான்றிதழோ இருந்தால் மதிப்பீட்டில் உங்கள் பேச்சுக்கு எடை கூடும். சிங்கிள் ஃபேஸ் மட்டும் எடுத்து நிறுத்திவிடாமல் த்ரீ ஃபேஸையும் முடித்துவிடுங்கள். காரணம் எளிது: அங்கே எலெக்ட்ரீஷியன் என்றால் வீடு, கடை, தொழிற்சாலை மூன்றும் தெரிந்தவர் என்று எதிர்பார்க்கிறார்கள்.

பள்ளி முடித்து நேராக வேலைக்குப் போனவர்கள், எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் இல்லாதவர்கள், அனுபவத்தை வைத்தே எஸ்கேஎம் எடுக்கலாம். பெங்கிக்திராஃபான் பென்சாபாயான் தெர்டாஹுலு, அதாவது முன் அனுபவத்தை அங்கீகரிப்பது, சுருக்கமாக பிபிடி என்ற முறை அதற்காகவே இருக்கிறது. பத்து வருசம் வேலை செய்த அண்ணன்மார் இதைக் கேள்விப்படாமலே இருக்கிறார்கள், அதுதான் வருத்தம். முறையான படிப்பு இருப்பவரிடமும் இல்லாதவரிடமும் மதிப்பீட்டு நிறுவனம் கேட்கும் அனுபவக் காலம் ஒன்றில்லை, படிப்பு இருந்தால் குறைவான வருடங்கள் போதும். அதனால் பிபிடிக்குச் செலவழிக்கும் நேரம் வீண் போகாது.

4. அனுபவத்துக்கு ஆதாரம் (இங்கேதான் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள்)

நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது மதிப்பீடு செய்பவருக்குத் தெரியாது. சம்பளம் வாங்கி இந்த வேலையை இத்தனை வருடம் செய்தீர்கள் என்பதைக் காகிதம் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் இதுதான் கஷ்டம். கொன்ட்ராக்டரிடம் வேலை, வாரக் கடைசியில் கையில் வெள்ளி (ரிங்கிட்), பே ஸ்லிப் கிடையாது, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கிடையாது. ஐந்து வருடம் அப்படிப் போனால் காகிதத்தில் அந்த ஐந்து வருடம் நடக்கவே இல்லை.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியது: தவுக்கேயிடம் (முதலாளியிடம்) பேசி இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) போடச் சொல்லுங்கள். ஆள் வைத்து வேலை வாங்குகிறவர் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும், சட்டமே அப்படி. ‘கையில் வரும் காசு குறையுமே’ என்று நீங்களே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சம்பளத்தை பேங்கில் போடச் சொல்லுங்கள். வருடா வருடம் இஏ பாரத்தை (முதலாளி தரும் வருடச் சம்பள அறிக்கை) வாங்கி ஒரு ஃபைலில் வையுங்கள். இபிஎஃப் அறிக்கை, பேங்க் அறிக்கை, இஏ பாரம் மூன்றும் ஒரே கம்பெனியை, ஒரே காலத்தைக் காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சொந்தமாகத் தொழில் செய்பவர் என்றால் எஸ்எஸ்எம் பதிவு (தொழில் பதிவு), வருமானவரிக்கான பி பாரம், வாடிக்கையாளருக்குக் கொடுத்த இன்வாய்ஸ், சாமான் வாங்கிய கடை பில் எல்லாம் வேண்டும். பழைய பில்லில் மை மங்கிப் போகும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்தது வேலைக் கடிதம். கம்பெனி லெட்டர்ஹெட், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கையெழுத்திட்டவரின் பெயர், தொடர்பு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்ற பகுதி. இணையத்தில் இருக்கும் தொழில் விளக்கத்தை அப்படியே அடித்துக் கொண்டுவருகிறார்கள், அதை மதிப்பீட்டாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார், ஏனென்றால் அதே வரிகளை அவர் நூறு மனுவில் படித்திருக்கிறார். செம்பனை ஆலையில் வேலை என்றால் அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்: எந்தெந்த மோட்டாருக்கு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போர்டு கட்டினீர்கள், கேபிள் இழுத்து டெர்மினேட் செய்தது, மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) போட்டுப் பார்த்தது, டர்பைனும் ஜென்செட்டும் மாற்றும்போது சுவிட்ச்போர்டில் உங்கள் பங்கு என்ன. பெரிய வார்த்தை தேவையில்லை, உண்மையான வேலை போதும்.

கம்பெனி மூடிவிட்டது, தவுக்கே இறந்துவிட்டார் என்றால் பெசுருஹ்ஜாயா சும்பா (சத்தியப்பிரமாண ஆணையர்) முன்னால் சத்தியக் கடிதம் எழுதி, கூட வேலை பார்த்த சூப்பர்வைசரின் கடிதத்தோடு சேர்க்கலாம். அது துணைக்குத்தான் நிற்கும். இபிஎஃப் மாதிரி தனியாக நிற்காது.

5. பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்

நம்மவர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் இது. பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்துக் கிராணி எழுதிய எழுத்து ஒன்று, ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னொன்று, எஸ்பிஎம் (பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழில் அப்பா பெயர் பாதி, இபிஎஃப்பில் ‘அனாக் லெலாக்கி’ (இன்னாரின் மகன்) இல்லை. ஊரில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. அங்கே இரண்டு எழுத்து மாறினால் இரண்டு ஆள்.

எல்லா ஆவணத்தையும் மேசையில் பரப்பி, கடப்பிதழில் உள்ள பெயரை அளவாக வைத்து ஒவ்வொன்றையும் ஒப்பிடுங்கள். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். முடியாததற்கு ‘இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளுடையவை’ என்று ஒரு சத்தியக் கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் என்று பாரத்தில் கேட்குமிடத்தில் எதைப் போடுவது என்றும் முதல் நாளே தீர்மானித்து, கடைசிவரை அதையே போடுங்கள். ஒரு பாரத்தில் அப்பா பெயர், இன்னொன்றில் சொந்தப் பெயர் என்று போட்டுவிட்டு அப்புறம் சரிசெய்ய நாயாய் அலைய வேண்டிவரும்.

மலாய் மொழி ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முத்திரையோடு வாங்குங்கள். ஐடிபிஎம் என்ற மலேசிய மொழிபெயர்ப்பு நிறுவனம் அதைச் செய்கிறது. அக்கம்பக்கத்து டீச்சர் மொழிபெயர்த்ததை ஏற்க மாட்டார்கள், அவர் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும்.

6. வேலையைப் படம் எடுக்கும்போது உங்கள் முகமும் வேண்டும்

வேலைக்கு ஆதாரமாகப் படமும் வீடியோவும் கொடுக்கும்போது, முடிந்த டிபி பாக்ஸை (மின் பகிர்வுப் பெட்டியை) மட்டும் எடுத்து அனுப்பினால் பயனில்லை. யார் வேண்டுமானாலும் அதை எடுத்திருக்கலாம். நீங்கள் கருவியோடு நிற்பது தெரிய வேண்டும். தொடங்கும்போது ஒன்று, பாதியில் ஒன்று, முடிந்து டெஸ்ட் செய்யும்போது ஒன்று என்று எடுங்கள்.

படத்தில் பாதுகாப்பு தெரிய வேண்டும், இது ரொம்ப முக்கியம். சிலிப்பர் போட்டுக்கொண்டு, மூடி திறந்த போர்டு முன்னால் வெறுங்கையோடு நிற்கும் படம் உங்களுக்கே எதிராகப் பேசும். மில்லில் மட்டும் வேலை செய்தவர்கள் வார இறுதியில் வீட்டு வயரிங் செய்யும் லைசன்ஸ் உள்ள நண்பரோடு முறையாகச் சேர்ந்து பழகிக்கொள்ளுங்கள். வீட்டு வயரிங் மட்டுமே தெரிந்தவர்கள் மோட்டார் கன்ட்ரோல் பக்கம் போங்கள். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தவர்கள் நேர்காணலில் திணறுவதைப் பார்க்கிறேன்.

7. மதிப்பீட்டுக்கு மனு

ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா, அதாவது டிஆர்ஏ, என்பது அந்த நாட்டு அரசு அமைப்பு. மதிப்பீட்டை அதன் அனுமதி பெற்ற நிறுவனங்கள் நடத்துகின்றன. வெட்டாசெஸ் அதில் நம்மவர்கள் அதிகம் போவது. டிஆர்ஏ தளத்தில் தொழிலையும் கடப்பிதழ் நாட்டையும் கொடுத்தால் எந்தத் திட்டத்தில் வருகிறீர்கள் என்று காட்டும், அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தொழில் குறியீடு எலெக்ட்ரீஷியன் ஜெனரல் என்றால் 341111, லிஃப்ட் மெக்கானிக்குக்கு 341113. தவறான குறியீட்டில் மனுப் போட்டால் கட்டிய பணம் போனதுதான்.

முதலில் ஆவணம் பார்ப்பார்கள். பிறகு தொழில்நுட்ப நேர்காணல், செய்முறைத் தேர்வு. கேள்வி ஆங்கிலத்தில் வரும். நம் பசங்களுக்கு வேலை கையில் இருக்கிறது, வாயில் வருவதில்லை. ‘ஒரு சர்க்யூட்டை எப்படி ஐசோலேட் செய்வீர்கள்?’ என்று கேட்டால் ‘மெயின் ஆஃப் பண்ணிடுவேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு படியையும், ஏன் என்பதோடு சேர்த்து, ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். இரண்டு நண்பர்கள் உட்கார்ந்து மாறி மாறிக் கேள்வி கேட்டாலே போதும், காசு கட்டி கிளாஸ் போக வேண்டியதில்லை.

8. விசா

முதலாளி அழைத்துப் போகும் 482 விசா ஒரு வழி. புள்ளிக் கணக்கில் வரும் 189, 190, 491 இன்னொரு வழி, இவற்றுக்கு 45 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத் தேர்வு எழுதவேண்டி வரும். நன்னடத்தைச் சான்றிதழை விஸ்மா புத்ராவில் (மலேசிய வெளியுறவு அமைச்சு) இணையவழி மனுச் செய்து வாங்கலாம். ஆஸ்திரேலியாவுக்குள் இருந்து விசா ஆலோசனை தரும் ஏஜெண்டு என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள், அதை ஏஜெண்டுகளின் அதிகாரப்பூர்வப் பதிவுத் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் ஒரு வெள்ளியும் கொடுக்க வேண்டாம்.

9. இறங்கியதும் முதல் மாதத்தில்

தற்காலிக லைசன்ஸுக்கு உடனே மனுப் போடுங்கள். அது வரும்வரை மின்வேலையில் கை வைக்காதீர்கள், ‘சும்மா உதவிக்கு’ என்றாலும். கட்டுமான இடத்துக்குள் நுழைய ஒயிட் கார்டு வேண்டும், ஒரு நாள் பயிற்சிதான். சிபிஆரும் (இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி), மின்சாரம் பாய்ந்தவரை மீட்கும் லோ வோல்டேஜ் ரெஸ்க்யூ பயிற்சியும் முடித்து வையுங்கள். இந்த மூன்று சான்றும் கையில் இருந்தால் முதலாளிக்கு உங்களை எடுப்பது லேசு.

வேலை தேடும்போது சம்பளத்தை விட ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள்: என்னை மேற்பார்வை பார்க்க முழு லைசன்ஸ் உள்ளவர் தினமும் கூட இருப்பாரா? வேலைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாரா? சிலர் சோலார் பேனல் மாட்டும் வேலையிலேயே வருடம் முழுக்க ஓட்டிவிடுகிறார்கள், பிறகு பதிவேட்டில் ஒரே மாதிரி வேலையாக இருக்கிறது என்று பயிற்சி நிறுவனம் திருப்பி அனுப்புகிறது. சுவிட்ச்போர்டு, தவறு கண்டுபிடித்தல், டெஸ்டிங் எல்லாம் பதிவில் வர வேண்டும்.

10. ஊர்ப் பழக்கத்தில் மாற்ற வேண்டியவை

இதைப் பொறுமையாகப் படியுங்கள். தேர்வு மட்டும் இல்லை, உயிரும் இதில் இருக்கிறது.

எர்த்திங். நம் ஊர் வீடுகளுக்கு மின்சார நிறுவனமான டிஎன்பி கொடுக்கும் இணைப்பு டிடி முறை. வீட்டு எர்த் ராடு மண்ணில் தனியாக நிற்கிறது. ஃபால்ட் வந்தால் கரண்ட் மண் வழியாகத் திரும்ப வேண்டும், மண்ணின் தடை அதிகம், அதனால் எம்சிபி (சாதாரண பிரேக்கர்) விழும் அளவுக்குக் கரண்ட் ஓடாது. காப்பாற்றுவது கரண்ட் கசிந்தால் விழும் பிரேக்கரான ஆர்சிசிபிதான். ஆஸ்திரேலியாவில் எம்இஎன் முறை: மெயின் சுவிட்ச்போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு லிங்க் போட்டு இணைத்திருப்பார்கள். ஃபால்ட் கரண்ட் அந்த லிங்க் வழியாக நியூட்ரலில் திரும்பும், பெரிய கரண்டாக ஓடி பிரேக்கரை உடனே விழவைக்கும். ஆர்சிடியும் (ஆர்சிசிபி மாதிரியான கசிவுப் பாதுகாப்பு) கட்டாயம், ஆனால் அடிப்படை அந்த லிங்க்.

இது புரியாதவர்கள் இரண்டு தவறு செய்கிறார்கள். அதே கட்டடத்துக்குள் இருக்கும் துணை போர்டிலும் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடுகிறார்கள், அது கூடாது. இன்னொன்று, சப்ளை இருக்கும்போதே மெயின் நியூட்ரலைக் கழற்றுவது. எம்இஎன் முறையில் நியூட்ரல் அறுந்தால் எர்த் ஆன உலோகமெல்லாம், குழாய் உட்பட, லைவ் ஆகிவிடலாம். ஊரில் பழகிய தைரியம் அங்கே ஆளைக் கொல்லும்.

நிறம். ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். ஆஸ்திரேலியாவில் சிவப்பு, வெள்ளை, அடர்நீலம், நியூட்ரல் கறுப்பு. கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் சாமான்களோடு வரும் வளையும் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். ஒரே போர்டுக்குள் ஒரு நீலம் ஃபேஸாகவும் இன்னொரு நீலம் நியூட்ரலாகவும் இருக்கும். நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

சாக்கெட் சர்க்யூட். 13 ஆம்பியர் பிளக்குக்கு நாம் ரிங் போட்டுப் பழகியவர்கள், பிளக்கிலேயே ஃபியூஸ் இருக்கும். அங்கே பிளக்கில் ஃபியூஸ் இல்லை, வீடுகளில் ரேடியல் சர்க்யூட்தான் வழக்கம். கேபிள் அளவும் பிரேக்கரும் அதற்கேற்பக் கணக்குப் போட வேண்டும்.

டெஸ்ட் பென். சட்டைப் பையில் செருகியிருக்கும் அந்த ஸ்க்ரூடிரைவரை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சர்க்யூட் செத்துவிட்டது என்று நிரூபிக்க அதை ஏற்க மாட்டார்கள். முறை இதுதான்: ஆஃப் செய், பூட்டுப் போடு, டேக் மாட்டு. மீட்டரை லைவ் என்று தெரிந்த ஓரிடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார். பிறகு உன் சர்க்யூட்டில் லைவ்-நியூட்ரல், லைவ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் பார். மறுபடி மீட்டரைத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார். கடைசிப் படியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். நடுவில் மீட்டர் கெட்டிருந்தால் பூஜ்யம் காட்டும், நீங்கள் சர்க்யூட் செத்துவிட்டது என்று கை வைப்பீர்கள். அதற்காகத்தான் அந்தப் படி. விக்டோரியாவின் பாதுகாப்பு முறைத் தேர்வில் இதைச் செய்தே காட்ட வேண்டும்.

11. பயிற்சியும் கடைசித் தேர்வும்

ஓடிஎஸ்ஆர் வைத்திருப்பவருக்கு ஆஸ்திரேலியச் சூழலுக்கான கேப் டிரெய்னிங் (விடுபட்டதை நிரப்பும் பயிற்சி) உண்டு. அதையும் மேற்பார்வையின் கீழ் 12 மாத வேலையையும் முடித்தால் யூஇஇ30820 என்ற சர்டிஃபிகேட் 3 கிடைக்கும், முழு லைசன்ஸுக்கு அடிப்படை அதுதான்.

படிக்க வேண்டிய புத்தகம் ஒன்று: ஏஎஸ்/என்இசட்எஸ் 3000, வயரிங் ரூல்ஸ் என்பார்கள். விலை அதிகம்தான், இருந்தாலும் சொந்தமாக வாங்குங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம், எந்த விதி எங்கே இருக்கிறது என்று விரல் போக வேண்டும். எட்டாம் பிரிவு சோதனைகளைப் பற்றியது, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படியுங்கள். எர்த் தொடர்ச்சி முதலில், பிறகு 500 வோல்ட்டில் இன்சுலேஷன், பிறகு போலாரிட்டி, இணைப்புகள் சரியா என்பது, ஃபால்ட் லூப், ஆர்சிடி. எர்த் சரியில்லாத இடத்தில் சப்ளை கொடுத்துச் சோதிப்பது ஆபத்து என்பதால்தான் எர்த் முன்னால் வருகிறது. மெயின் எர்த் வயரின் தடை 0.5 ஓம் தாண்டக் கூடாது, இன்சுலேஷன் பொதுவாக 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. இந்த எண்கள் தேர்விலும் வரும், வேலையிலும் தினமும் வரும்.

12. முழு லைசன்ஸ் வந்த பிறகு

எலெக்ட்ரீஷியன் லைசன்ஸ் இருந்தால் ஒரு கம்பெனியில் வேலை செய்யலாம். சொந்தமாக வாடிக்கையாளரிடம் காசு வாங்கி வேலை எடுக்க கான்ட்ராக்டர் லைசன்ஸ் தனி, இன்சூரன்ஸும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்த அக்கா வீட்டுக்கு ஒரு ஃபேன் மாட்டிக் கொடுங்கள் என்று கேட்பார், மறுப்பது கஷ்டம். கான்ட்ராக்டர் லைசன்ஸ் இல்லாமல் மாட்டினால் அந்த வேலைக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கொடுக்க முடியாது, தீப்பிடித்தால் அவருடைய வீட்டு இன்சூரன்ஸும் சிக்கலாகும். லைசன்ஸ் உள்ள கான்ட்ராக்டர் ஒருவரின் எண்ணை அக்காவுக்குக் கொடுத்துவிடுங்கள்.